ஊர் சொன்ன கவலை

இன்னும் ஏழு மணி நேரம் இருந்தது. அதற்குள் ஆரோக்கிய செல்வி மூன்று பேரிடம் கேள்வி கேட்டு முடிக்க வேண்டும். அந்த மூவரில் ஒருவராவது ‘சுடுகாட்டுப் பாதை’ என்று சொல்லாமல் இருக்க வேண்டும்.

ஏம்பலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே போகும் ரோட்டில் கடைசிவரை நடந்தால் சித்தேரிமேடு வரும். நூறு வீடு தேறும். நாடு முழுக்க நடக்கும் ஒரு கருத்துக்கணிப்புக்கு அந்த ஊரும் குலுக்கலில் விழுந்திருந்தது. டெல்லியில் இருக்கும் கம்பெனி, வில்லியனூர்ப் பக்கத்துப் பெண்ணான செல்வியின் கையில் ஒரு டேப்லெட் கணினியைக் கொடுத்து, ஊருக்கு இருபது பேர் என்று சொல்லி அனுப்பியிருந்தது. கேள்விகள் நிறைய. அவற்றில் ஒன்றுதான் உயிர் என்று பயிற்சியிலேயே சொல்லிவிட்டார்கள்.

‘இன்று நாட்டை எதிர்நோக்கியுள்ள பிரச்சினைகளுள் தங்களை மிகவும் கவலைக்குள்ளாக்குவது எது?’

ஏசி அறையில் உட்கார்ந்து யாரோ தமிழாக்கியது. செல்வி அதை ஒரு முறை அப்படியே படிப்பாள். அது விதி. எதிரே இருப்பவர் அவள் முகத்தையே பார்ப்பார். பிறகு அவள் குரலைத் தாழ்த்தி, “நாட்டுல உங்களுக்கு ரொம்ப கவலை தர்ற விஷயம் எதுங்க?” என்பாள். டேப்பில் பதினெட்டுக் கட்டங்கள் இருந்தன. வேலையின்மை, விலைவாசி, ஊழல் என்று ஆரம்பித்து வரிசையாக. அவற்றைப் படித்துக் காட்டக் கூடாது. பதில் அவர்கள் வாயிலிருந்துதான் வர வேண்டும்.

வந்தது. இரண்டு நாளில் பதினேழு பேரைப் பார்த்ததில் பதினாறு பேர், யோசிக்கக்கூட இல்லாமல், “சுடுகாட்டுக்குப் பாதை இல்ல” என்றார்கள். சார்லஸ் ஒருவன்தான் மாற்றிச் சொன்னவன். திருபுவனை ஃபேக்டரியில் ராத்திரி ஷிப்ட் முடித்து வந்து கண்ணைக் கசக்கிக்கொண்டே, “வேலை பர்மனென்ட் ஆவல” என்றான். அவன் மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, “யோவ், அது இல்லய்யா” என்றாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று செல்வி அப்போது கேட்கவில்லை. கேட்பது அவளுக்கு எப்போதுமே கஷ்டம். கேள்வி கேட்கிற வேலைக்கு வந்தவளுக்கு அது ஒரு குறைதான்.

இன்று காலை, ஏம்பலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே கலைவேந்தன் போன் செய்தான். அவன்தான் சூப்பர்வைசர். வில்லியனூரில் உட்கார்ந்துகொண்டு ஆறு ஊர்களுக்கு ஆள் அனுப்புகிறவன்.

“செல்வி, சாப்ட்டியா?”

“சாப்ட்டேன் சார்.”

“நல்ல வேளை. இனிமே நான் சொல்றதக் கேட்டா எறங்காது. டெல்லிலருந்து மெயில் வந்திருக்கு. உன் ஊரு முழுக்க செவப்பா காட்டுதாம்.”

“ஏன் சார்?”

“ஏனா? நாடே வேலை இல்ல, வெலவாசி ஏறிப்போச்சுன்னு சொல்லிகினு இருக்கு. உன் ஊர்ல மட்டும் உசுரோட இருக்கவனுக்கு ஒரு கவலையும் இல்ல, செத்தவனுக்குத்தான் கவலையா? பதினாறு பேரு, ஒரே பதிலு. மரத்தடில உக்காந்து நீயே போட்டுட்டன்னு நெனைக்கறாங்க.”

“நான் போடல சார். ஆடியோ இருக்கு.”

“ஆடியோவ எவன் கேக்கப் போறான்? அவன் பாக்கறது கலரு. இன்னிக்கு ஆறு மணிக்கு டேப்பு லாக் ஆயிடும். மிச்சம் மூணு பேரும் இதே பாட்டப் பாடினா அந்த ஊரையே அழிச்சிடுவாங்க. கூடவே உன் பேரையும்.” பிறகு குரல் இறங்கியது. “நீ பண்ணமாட்டன்னு எனக்குத் தெரியும். ஒருத்தராவது வேற சொல்லட்டும், மீதிய நான் பேசிக்கறேன்.”

செல்வி பி.எஸ்சி. இயற்பியல் முடித்து இரண்டு வருஷம் வீட்டில் இருந்துவிட்டு வந்தவள். இது முதல் வேலை. இந்தச் சுற்று ஒழுங்காக முடிந்தால் அடுத்த ஆறு மாதத்துக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். போனால் போகட்டும் என்று விட முடியாத வேலை. அதைவிட, போகிற விதம்தான் அவளைக் குடைந்தது. கல்லூரி ஆய்வகத்தில் ஊசலை ஆடவிட்டுப் புவியீர்ப்பைக் கணக்கிட்டபோது, வகுப்பே புத்தகத்தில் இருந்த 9.8-ஐ எழுதியது. அவளுக்கு 9.3 வந்தது. 9.3 என்றே எழுதி மதிப்பெண்ணை விட்டவள். அவளைப் போய், பதிலைச் சொந்தமாகப் போட்டவள் என்கிறார்கள்.

முதல் வீடு ஜெயசித்ராவுடையது. வீட்டுப் பெரியவர்களின் பெயர்களைக் கொடுத்தால் டேப் அதில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும். அவரை மட்டும்தான் கேட்க வேண்டும். மாமியார், மாமனார், கணவன், ஜெயசித்ரா என்று நான்கு பெயர் கொடுத்ததில் டேப் ஜெயசித்ராவை எடுத்தது. அவள் கொட்டகையில் ஆட்டுக்குட்டிக்குப் பால் புட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“பாதைதான்” என்றாள், செல்வி உட்காருவதற்குள்.

“நான் இன்னும் கேள்வியே கேக்கலக்கா.”

“கேளு. கேட்டப்பறமும் அதான்.” சிரித்தாள். ஆட்டுக்குட்டி புட்டியை முட்டியது.

செல்வி மற்ற கேள்விகளைக் கேட்டுக்கொண்டே போனாள். வீட்டில் எத்தனை பேர், கேஸ் உண்டா, டிவி உண்டா. முக்கியமான கேள்வி வந்ததும் டேப்பை மடியில் வைத்துவிட்டாள். “எல்லாரும் ஏன்க்கா ஒரே மாதிரி சொல்றீங்க?”

ஜெயசித்ரா வீட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள். “மேஸ்திரி மாமா சொல்லிட்டாரு.”

அந்த ஊரில் மேஸ்திரி என்றால் இருசப்பன். கரும்பு வெட்டும் ஆட்களுக்கு மேஸ்திரி. ஊரில் பாதிப் பேர் அவர் கையில் வேலை செய்கிறவர்கள். பொழுது சாயும்போது அவர் தன் வாசலில் நின்று, “நாளைக்கு மேலக்கொல்ல” என்று ஒருவரிடம் சொல்வார். அது வீடு வீடாகப் போகும். விடிவதற்குள் அத்தனை கத்தியும் மேலக்கொல்லையில் இருக்கும். ஏன், எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. முந்தாநாள் காலை செல்வி ஊருக்குள் கால் வைத்ததுமே அவர் அப்படி ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார்.

“சர்வே வந்துக்கீது, எத அதிகம் பேரு சொல்றாங்களோ அதத்தான் கவர்மெண்டு மொதல்ல செய்யும், ஆளுக்கு ஒண்ண சொல்லி கெடுத்துடாதீங்க, ஒரே வாயா பாதைன்னு சொல்லுங்கன்னாரு. அதான்.”

“அது ஓட்டுப் போடற மாதிரி இல்லக்கா.”

“இல்லன்னா இன்னா? சொல்றதுல இன்னா கொறைஞ்சி போச்சு?”

“உங்களுக்கு உண்மையா எதுக்கா கவலை?”

“எனக்கா?” ஜெயசித்ரா குரலைத் தாழ்த்தினாள். “எனக்கு எம்மாமியாக்காரி ஒருத்தி போதாதா? எங்கூட்டுக்காரரு குடி ஒண்ணு போதாதா? மூத்தவன் பத்தாவதுல கணக்குல கோட்ட வுட்டுட்டு போன நோண்டினு கீறான், அது போதாதா?”

செல்வியின் விரல் டேப்பின் மேல் எழுந்தது. “அதுல ஒண்ண போட்டுக்கட்டுமா?”

“ஐயோ, போட்டுடாத பாப்பா.” சிரிப்பு நின்றுவிட்டது. “வேற நேரமா இருந்தா நானே சொல்லிருப்பேன். இப்ப அவரு வந்து கேட்டு மாட்டேன்னு எப்பிடிச் சொல்றது?”

“இப்ப என்னக்கா?”

ஜெயசித்ரா புட்டியைக் கீழே வைத்தாள். கொட்டகையை விட்டுத் தாய் ஆடு வெளியே போகிறது என்று எழுந்து போனாள். அது போகவில்லை. கட்டுத்தறியில்தான் நின்றது. அதன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அங்கிருந்தே, “பாதைன்னே போடு” என்றாள்.

செல்வி போட்டாள். பதினெட்டில் பதினேழு.

இருசப்பனைப் பார்த்துப் பேசுவதென்று முடிவெடுக்க அவளுக்கு அரை மணி நேரம் ஆனது. டீக்கடைப் பக்கம் நின்று தண்ணீர் குடித்தாள். சொல்ல வேண்டியதை மனசுக்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாள்.

அவர் தன் வீட்டு வாசலில், செங்கல் அடுப்பின் முன்னால் குந்தியிருந்தார். ஐம்பதைத் தாண்டிய பெரிய உடம்பு. கைகள் இரண்டிலும் கரும்புத் தோகை கிழித்த பழைய கோடுகள். அந்தக் கைகளால் கஞ்சியைத் துணியில் ஊற்றி வடிகட்டிக்கொண்டிருந்தார்.

“ஐயா.”

“சொல்லு பாப்பா. முடிஞ்சிதா?”

“இது கவர்மெண்டு சர்வே இல்லங்க.”

“தெரியும். கம்பெனி. கம்பெனி எழுதி கவர்மெண்டுகிட்டதான குடுக்கும்?”

“பேப்பர்ல போடுவாங்க. நாட்டுல நூத்துக்கு எத்தன பேரு எதச் சொன்னாங்கன்னு.”

“அதத்தான் நானும் சொல்றேன். எங்க ஊர்ல நூத்துக்கு நூறு.”

“நாடு முழுக்க முப்பதாயிரம் பேரக் கேக்கறாங்க. இங்க இருபதுதான்.”

அவர் துணியைப் பிழிவதை நிறுத்தினார். “அப்ப நாங்க எவ்ளோ?”

“ஆயிரத்துல ஒண்ணுக்கும் கீழங்க.”

“சரி, கொறைவாவே இருக்கட்டும். பேரு வருமில்ல? சுடுகாட்டுப் பாதைன்னு?”

வரும் என்று சொல்லியிருந்தால் அவருக்கு ஒரு நாள் சந்தோஷமாகப் போயிருக்கும். செல்விக்கு அது வரவில்லை. “வராதுங்க. பட்டியல்ல இல்லாததெல்லாம் சேத்து கடைசில ‘இதரவை’ன்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல போயிடும்.”

“இதரவைன்னா?”

“மத்தது.”

“சுடுகாடு மத்ததா?” அவர் கோபப்படவில்லை. சந்தேகம் கேட்பதுபோலத்தான் கேட்டார். “அத்தினி பேரும் போயி சேர்ற எடம் பாப்பா. அது மத்ததா?”

அவரே பேசினார். முன்பு சுடுகாட்டுக்கு ஒரு வரப்பு வழி இருந்தது. நிலம் கைமாறி, மனை போட்டு, கம்பி வேலி வந்துவிட்டது. இப்போது பிணத்தைத் தூக்கிக்கொண்டு ஓடையில்தான் இறங்க வேண்டும். போன ஐப்பசியில் கனகாம்பாள் கிழவியைத் தூக்கிப் போனபோது இடுப்பளவு தண்ணீர்.

“தலைமாட்டுல தோள் குடுத்தது நானு. கால் வழுக்கிச்சு. பாடை சாஞ்சி கெழவி மொகம் தண்ணில முங்கிடுச்சு. செத்துப்போன உசுருதான். ஆனா எனக்கு மூச்சு முட்டிச்சு. வூட்டுக்கு வந்தும் ரெண்டு நாளு முட்டிச்சு.” வடிகட்டிய கஞ்சியில் உப்புப் போட்டுக் கலக்கினார். “நம்ம வூட்டு ஆள அந்தத் தண்ணில எடுத்துனு போவ முடியாது.”

செல்வி மனசுக்குள் சொல்லி வைத்திருந்ததை அப்போதுதான் வெளியே எடுத்தாள். அதுவும் முணுமுணுப்பாகத்தான் வந்தது. “எல்லாரும் ஒரே பதில் சொன்னா... நானே பொய்யா போட்டேன்னு... என்ன வேலைய விட்டு எடுத்துடுவாங்கய்யா.”

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “பொய்யா? நீயா? உனக்கு நெஜத்தையே சத்தமா சொல்ல வரல.”

அவள் தலையைத் தாழ்த்திக்கொண்டாள்.

“சொன்னத வாபஸ் வாங்க முடியாது பாப்பா. பொழுதுக்கு ஒண்ணு பேசினா நாளைக்கு என் வார்த்தைக்கு எவன் கத்திய எடுப்பான்? மீதிப் பேர நீயே போயி கேளு. அவங்க வேற சொன்னா நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்.”

அடுத்தது செல்லக்கண்ணு. வீட்டில் அவரும் மகனும் மருமகளும். டேப் அவரைத்தான் எடுத்தது. மத்தியானத் தூக்கத்திலிருந்து அவர் எழும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பல் ஒன்றும் இல்லை, காது நன்றாகக் கேட்டது. மேஸ்திரி ஒன்றும் சொல்லமாட்டார், மனசில் இருப்பதைச் சொல்லலாம் என்று செல்வி முதலிலேயே சொல்லிவிட்டாள்.

“இருசப்பன் சொல்லலன்னாலும் எனக்கு அதாம்மா கவலை” என்றார் அவர். “எண்பத்தொண்ணு ஆவுது. அந்தப் பாதைய வுட்டா நான் வேற எங்க போவப் போறேன்? பஸ் ஏறி மெட்ராசுக்கா?”

அவர் சிரித்த சிரிப்பில் செல்விக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அழ வேண்டிய நேரம் என்று நினைத்துக்கொண்டே சிரித்தாள்.

“உனக்கு இன்னாம்மா கவலை? உன்ன யாராவது கேட்டாங்களா?”

“வேலைங்க.”

“அப்ப எம்பேர்ல அதப் போட்டுக்க. எவன் வந்து பாக்கப் போறான்?”

அவள் தலையாட்டி மறுத்துவிட்டுப் பதினெட்டாவது கட்டத்தைத் தொட்டாள்.

மணி நான்கரை. அங்கிருந்து வலது கைப்பக்கமாக ஐந்தாவது வீடு. அதுவும் விதி. கருவேல முள்ளை ஒதுக்கிக்கொண்டு, பூட்டியிருந்த ஒரு வீட்டையும் சேர்த்து எண்ணிக்கொண்டு வந்தவள், செங்கல் அடுப்பின் முன்னால் வந்து நின்றாள். இருசப்பன் வாசலில் கயிறு திரித்துக்கொண்டிருந்தார்.

“இன்னா, திரும்பி வந்துட்ட?”

“உங்க வீடுதான் வந்திருக்குங்க.”

“வந்தா வரட்டும், கேளு. எம்பதில் உனக்குத் தெரியும்.”

வீட்டில் இரண்டே பெயர். மகள் பாகூரில் கட்டிக்கொடுத்த இடத்தில் இருந்தாள். இருசப்பன், அம்சவள்ளி என்று செல்வி அடித்தாள். டேப் அம்சவள்ளியை எடுத்தது.

செல்வி திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள். அவர் முகம் மாறியது.

“அவ வேணாம். நான் சொல்றேன்.”

“மாத்த முடியாதுங்க.”

“ஒடம்பு செரியில்ல அவளுக்கு.”

உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. “யாருய்யா அது?”

“யாருமில்ல.”

“யாருமில்லாதவங்ககிட்டயா இம்மா நேரமா பேசினு கீற? உள்ள வரச் சொல்லு.”

இருசப்பன் எழுந்து செல்வியின் பக்கத்தில் வந்து நின்றார். பெரிய உடம்பு குனிந்தது. “அல்சர்னு சொல்லி வச்சிருக்கேன்” என்றார், அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில். “ஒடம்பப் பத்தி ஏதாச்சும் கேள்வி வந்தா தாண்டிப் போயிடு. உன்னக் கேட்டுக்கறேன்.”

ஜெயசித்ரா ஏன் ஆட்டுக் கயிற்றைப் பிடிக்க எழுந்து போனாள் என்று செல்விக்கு இப்போது புரிந்தது. ஊரே ஏன் ஒரு வாயாகப் பேசியது என்றும்.

உள்ளே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. சித்திரை வெயிலிலும், கயிற்றுக் கட்டிலில் சாய்ந்திருந்த பெண் ஸ்வெட்டர் போட்டிருந்தாள். ஒரு காலத்தில் கணவருக்கு ஈடான உடம்பாக இருந்திருக்க வேண்டும். வளையல் முழங்கை வரை போய்வந்துகொண்டிருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஆறிப்போன கஞ்சி, தொடாமல் இருந்தது.

“நீதான் அந்தப் பொண்ணா? உக்காரு. வெயில்ல அலைஞ்சி மூஞ்சி கருத்துப் போச்சே.”

கேட்கப்படுகிறவர் தனியாக இருக்க வேண்டும் என்பதும் விதிகளில் ஒன்று. இருசப்பன் நிலைப்படியில் சாய்ந்து நின்றார். நகர்கிறவராகத் தெரியவில்லை. அவரைப் போகச் சொல்லும் தைரியம் செல்விக்கு எப்போதும் வரப் போவதில்லை. ரெக்கார்டிங்கை ஓடவிட்டு ஆரம்பித்தாள்.

பன்னிரண்டாவது கேள்வியில் டேப் நின்றது. ‘இவ்வீட்டில் நீண்டகால நோயுற்றோர் எவரேனும் உளரா?’ ஆம் அல்லது இல்லை சொல்லாமல் அது அடுத்த பக்கத்துக்குப் போகாது. செல்வியின் விரல் திரைக்கு மேலேயே நின்றது.

“இன்னா கேக்குது?” என்றாள் அம்சவள்ளி.

“வீட்டுல யாருக்காவது...”

“இல்லன்னு போடு” என்றார் இருசப்பன்.

“ஏன் இல்லன்னு போடணும்? அல்சர் கீதுல்ல எனக்கு? அதுவும் நோவுதான?”

அவர் கூரையைப் பார்த்தார். செல்வி ‘ஆம்’ என்று தொட்டாள்.

கடைசியில் அந்தக் கேள்வி வந்தது. செல்வி படித்தாள். அம்சவள்ளிக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலாகி, இருசப்பன் சொம்பை எடுத்து நீட்டினார். ஒரு வாய் குடித்துவிட்டு, “இன்னா பாஷைம்மா இது?” என்றாள்.

“உங்களுக்கு ரொம்ப கவலை தர்ற விஷயம் எதுக்கா?”

“எல்லாரும் இன்னா சொன்னாங்க?”

“அத சொல்லக் கூடாதுக்கா.”

“பாதைன்னு சொன்னாங்க. அக்கம்பக்கம் பேசறது காதுல வுழுவுதுல்ல.” அவள் கணவர் பக்கம் பார்த்தாள். “ஊருக்கெல்லாம் வார்த்தை சொல்லி அனுப்புன மனுஷன், கட்டில்ல கீறவகிட்ட மட்டும் ஏன் சொல்லல?”

“உனக்குச் சீட்டு வுழும்னு யாரு கண்டா?” என்றார் இருசப்பன்.

“ஒரு மாசமா, பொழுது சாஞ்சா இவரு ஓடைக்குப் போயிடறாரு பாப்பா. நானும் எதுக்குப் போறாருன்னு வந்து போறவங்களக் கேட்டேன். மண்ணு வெட்டிக் கொட்றாரு. தனியாளா. ஓடைய தூத்துடலாம்னு. நாலு நாளைக்குக் கொட்டினத, ஏரிலருந்து தொறந்து வுடற தண்ணி ஒரே ராத்திரில இழுத்துனு போயிடுது. மறுபடியும் போறாரு.”

இருசப்பன் நிலைப்படியை விட்டு அசையவில்லை. அந்த முகத்தைப் பார்த்ததும் செல்விக்கு, இது எங்கே போகிறது என்று தெரிந்துவிட்டது. காலையிலிருந்து அவள் ஒரே ஒரு மாற்றுப் பதிலுக்காக நடந்திருந்தாள். அது இதோ கட்டிலில் உட்கார்ந்திருந்தது. அவளுக்கு அது வேண்டாம் என்றிருந்தது.

“அக்கா, நான் பாதைன்னே போட்டுக்கறேன்.”

“நான் இன்னும் பதிலே சொல்லலியே.”

“பரவால்லக்கா. எல்லாரும் அதான் சொன்னாங்க. போட்டுக்கறேன்.”

“போட்டா உன் வேலை போயிடும்னு மத்தியானம் இவருகிட்ட சொன்னல்ல? வாசல்ல பேசறது இங்க கேக்கும். நீ பேசறதுகூட கேட்டுச்சு.” அம்சவள்ளி கால்களை மடக்கி நேராக உட்கார்ந்தாள். அதற்கே மூச்சு வாங்கியது. “எழுதிக்க. எனக்குப் பாதை கவலை இல்ல. தூக்கறவங்களுக்குத்தான் அது கவலை. எனக்கு இவருதான் கவலை.”

“அம்சா” என்றார் இருசப்பன்.

“நீ சும்மா இருயா. டேப்பு என்னத்தான கேக்குது? இவரு எம்பக்கத்துல உக்காந்து ஒரு வா சோறு தின்னு எத்தினி நாளாச்சு தெரியுமா? கஞ்சி வடிப்பாரு, வெந்நி வைப்பாரு, துணி தோய்ப்பாரு. உக்காரமாட்டாரு. உக்காந்தா வாய்லருந்து வந்துடுமோன்னு பயம். எங்களுக்குள்ள இருவத்தெட்டு வருஷமா ஒளிவுமறைவு கெடையாது பாப்பா. அடிச்சிகினதுகூட நடுத்தெருவுலதான்.”

செல்வி ரெக்கார்டிங்கை நிறுத்தக் கையை நீட்டினாள். நிறுத்தினால் இந்தப் பேட்டி செல்லாது என்பது தெரியும். தெரிந்துதான் நீட்டினாள். அம்சவள்ளியின் கை வந்து அவள் கையின் மேல் அமர்ந்தது. எடையே இல்லாத கை, சூடாக இருந்தது.

“நிறுத்தாத. யாருமே கேக்கலன்னு நானும் வாய மூடிகினு கெடந்தேன். நீ கேட்டுட்ட.”

இருசப்பன் நிலைப்படியிலிருந்து அப்படியே வழுக்கித் தரையில் உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்தது அவருக்கே தெரியாததுபோல இருந்தது. அம்சவள்ளி செல்வியை விட்டுவிட்டு அவரிடம் பேசினாள்.

“தை மாசம் ஆஸ்பத்திரில என்ன வெளிய பெஞ்சில உக்கார வச்சிட்டு நீ மட்டும் உள்ள போன. வரும்போது மூஞ்சியத் தொடச்சினு வந்து வயித்துல புண்ணுன்ன. நானும் சரின்னேன். எட்டாவது வரிக்கும் படிச்சவ நானு, அது உனக்கு மறந்துபோச்சு. அந்தப் பெஞ்சுக்கு நேர் மேலதான்யா போர்டு மாட்டியிருந்தாங்க.”

“அம்சா, வேணாம்.”

“எனக்குக் கேன்சருயா. தைலருந்தே எனக்குத் தெரியும்.”